புல்லின் வயது: வெப்பமண்டலக் காட்டின் எல்லையைத் தீ எப்படி வரைகிறது

நவி மும்பையின் ஐரோலிக்கு இரு பக்கமும் மலை. கிழக்கே தானே–பேலாப்பூர் சாலையையும் தொழிற்பேட்டையையும் தாண்டினால் பார்சிக் மலைத்தொடர். மேற்கே தானே கழிமுகத்தைப் பாலத்தில் கடந்தால் முலுண்டு. அதன் முதுகில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைகள். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உருவான நிலம்தான் இரண்டும். இரண்டிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் மேற்கு மலையில் தேக்கும் மருதும் மூங்கிலும் அடர்ந்த காடு நிற்கிறது. கிழக்கு மலைச்சரிவின் பெரும்பகுதியில் புல்தான்.

மழைக்காலத்தில் இரண்டும் பச்சையாக இருப்பதால் வேறுபாடு சட்டெனத் தெரியாது. டிசம்பர் வந்ததும் பார்சிக் சரிவு வைக்கோல் நிறத்துக்கு மாறும். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே அந்தப் புல்லில் நெருப்புக் கோடு ஏறும். மராத்தியில் ‘வணவா’ எனப்படும் இந்த மலைத்தீயை நவி மும்பைவாசிகள் தங்கள் மொட்டைமாடியிலிருந்தே பார்த்துவிடலாம். மறுநாள் சரிவு கறுத்துக் கிடக்கும். அடுத்த ஜூனில் அதே இடத்தில் அதே புல் தழைக்கும்.

பாறையும் மழையும் ஒன்றாக இருக்கும்போது நிலம் ஏன் இரண்டாகப் பிரிந்தது? இதற்கு விடை தேடப் போனால் வெப்பமண்டலம் முழுவதையும் தொடும் ஒரு பெரிய கேள்விக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. காடு எங்கே முடிந்து புல்வெளி எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பதில் தீக்கு என்ன பங்கு? இதில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீ நல்லதா கெட்டதா என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. எரிகிற புல்லின் வயது என்ன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மழைக் கணக்குக்கு அடங்காத நிலம்

மழை மிகுந்தால் காடு, குறைந்தால் புல்வெளி, இன்னும் குறைந்தால் பாலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்த வரிசை இரு கோடிகளிலும் பொருந்துகிறது. நடுவில் உள்ள மிகப் பெரிய பரப்பில் பொருந்துவதில்லை. 2011 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டு ஆய்வுகள் சேர்ந்து வெளியாயின. ஒன்று கார்லா ஸ்டேவர், சாலி ஆர்ச்சிபால்ட், சைமன் லெவின் ஆகியோருடையது. மற்றொன்று மரினா ஹிரோட்டாவும் அவருடைய குழுவினரும் செய்தது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் மரக்கவிகை நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை இரு குழுவினரும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணித்தார்கள்.

மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், மழை கூடக் கூட மரக்கவிகையும் படிப்படியாகக் கூட வேண்டும். அப்படி நிகழவில்லை. நிலங்கள் இரண்டு குவியல்களாகப் பிரிந்து நின்றன. ஒன்று மரங்கள் சிதறி நிற்கும் சவானா எனும் புல்வெளி, மற்றொன்று கவிகை மூடிய காடு. பாதி மூடியும் மூடாமலும் இருக்கிற இடைநிலை மிக அரிதாகவே தென்பட்டது. ஸ்டேவர் குழுவின் கணக்கில், ஆண்டு மழை 1,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை இருந்து, வறட்சிக் காலமும் ஏழு மாதத்துக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் காடும் இருக்கலாம், சவானாவும் இருக்கலாம். இரண்டில் எது நிற்கிறது என்பதைப் பிரித்துக் காட்டியது தீ. எரிகிற இடம் சவானாவாகவும் எரியாத இடம் காடாகவும் இருந்தன.

வில்லியம் பாண்ட், இயன் உட்வர்ட், கை மிட்ஜ்லி ஆகியோர் 2005இல் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். பூமியில் தீயே இல்லாவிட்டால் தாவரப் பரவல் எப்படி இருக்கும் என்று கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். தாவரம் மூடிய நிலத்தில் 27 விழுக்காடாக இருக்கும் அடர்காடு 56 விழுக்காடாக உயர்ந்தது. காலநிலை காட்டுக்கு இடம் கொடுத்தும், தீயின் காரணமாகக் காடு ஆகாமல் நிற்கும் நிலம் அவ்வளவு.

கொங்கண் கடற்கரை இந்தக் கணக்கின் விளிம்பில் நிற்கிறது. மழையின் அளவைப் பார்த்தால் காட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அக்டோபர் தொடங்கி மே வரை ஏழெட்டு மாதம் நிலம் காய்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் சிறிய மாற்றமும் நிலத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

புல்லின் வழியும் மரத்தின் வழியும்

தீ இந்த எல்லையை வகுக்கும் விதம் புல்லும் மரமும் வளரும் முறையில் அடங்கியிருக்கிறது. புல்லின் வளர்முனை தரையோடு ஒட்டியோ தரைக்குக் கீழேயோ இருக்கும். மேலே தாள் எரிந்து போனாலும், தீ விரைந்து கடந்துவிடுவதால் மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே வெப்பம் அதிகம் ஏறுவதில்லை. மழை விழுந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். ஊசிப்புல்லின் விதைக்கு முறுக்கிய நீண்ட வால் ஒன்று உண்டு. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது அது முறுக்கவிழ்ந்து மீண்டும் முறுக்கிக்கொண்டு விதையை மண்ணுக்குள் துளைத்து இறக்கிவிடும். தீ வரும்போது விதை புதைந்திருக்கும்.

கிழங்குச் செடிகளும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. மும்பை புனித சேவியர் கல்லூரியின் தாவரவியலாளர் ஹெர்மெனெகில்ட் சந்தாபாவும் ஆர். ஆர். ஃபெர்னாண்டசும் விவரித்துப் பெயரிட்ட ஒரு செடி ‘குளோரோஃபைட்டம் போரிவிலியானம்’. போரிவலியின் பெயரைத் தாங்கிய இச்செடி இன்று ‘சஃபேத் முஸ்லி’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விலைபோகிறது. மழைக்காலத்தில் இலைவிட்டுப் பூத்து முடிந்தபின், ஆண்டின் மீதிக் காலத்தை மண்ணுக்குள் கிழங்காக இருந்தே கழிக்கும். வறட்சியும் தீயும் அதன் தலைக்கு மேலாகக் கடந்து போகும்.

மரங்களில் இரண்டு வகை. சவானா மரம் பட்டையைத் தடிப்பாக்குவதிலும் வேரில் சேமிப்பதிலும் முதலிடுகிறது. புரசு, கும்பி, நெல்லி போன்றவை இந்த வகை. கொங்கண் சரிவுகளில் வணவா கடந்த சில வாரங்களிலேயே கரிந்த அடிமரத்தோடு துளிர்விட்டு நிற்பவை இவைதான். காட்டு மரமோ இலையிலும் உயரத்திலும் முதலிட்டு, நிழலில் போட்டியிட்டு வளர்கிறது. அதன் பட்டை பெரும்பாலும் மெல்லியது. ஒரே தீயில் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசு வெந்துபோகும்.

தடித்த பட்டையுள்ள மரத்துக்கும் இளமையில் பாதுகாப்பு இல்லை. கன்றாக இருக்கும்போது ஒவ்வொரு தீயிலும் தண்டு கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, அடுத்த தீயில் மறுபடி கருகும். இப்படியே முழங்கால் உயரத்தில் பல ஆண்டுகள் நிற்கும் கன்றுகள் உண்டு. தொடர்ந்து சில ஆண்டுகள் தீ வராமல் போனால்தான் தீநாக்குக்கு எட்டாத உயரத்துக்கு அவை வளர்ந்து தப்ப முடியும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுப் பரப்பில் ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவரும் பதிவுகளிலும் இந்தச் சித்திரம் தெரிகிறது. தீ சிறு தண்டுகளைத்தான் அதிகம் சாய்க்கிறது. பருத்த மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகின்றன.

பிரேசிலின் செராடோ புல்வெளியை ஆராய்ந்த வில்லியம் ஹாஃப்மன் குழுவினர் 2012இல் இதை இரண்டு வாசல்களாக வகுத்தார்கள். ஒரு மரம் தீயைத் தாங்கும் அளவுக்குப் பட்டை தடிப்பது முதல் வாசல். அது தனி மரத்தின் கதை. பல மரங்கள் சேர்ந்து கவிகை மூடி, அடியில் உள்ள புல்லை நிழலால் சாகடிப்பது இரண்டாவது வாசல். அது தோப்பின் கதை. வெயிலை நம்பி வாழும் வெப்பமண்டலப் புற்களுக்கு நிழல் ஆகாது. புல் போனால் தீக்கு விறகு இல்லை. ஆப்பிரிக்கத் தரவுகளில், மரக்கவிகை ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தாண்டியதும் தீ பரவுவது சடாரெனக் குறைகிறது. கவிகையின் அடியில் ஈரம் அதிகம், காற்று குறைவு. எரிவதற்கு இருப்பதோ தரையில் படிந்த சருகு மட்டும். ஆகவே புல்வெளியில் ஆளுயரத்துக்கு எழுந்து வரும் தீ, காட்டின் ஓரத்தைத் தொட்டதும் தாழ்ந்து சில அடிகளில் அணைந்துவிடுவது வழக்கம்.

காடும் புல்வெளியும் சந்திக்கும் கோடு பல இடங்களில் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். புல் தீயை வளர்க்க, தீ புல்லைக் காக்கிறது. மரம் நிழலை வளர்க்க, நிழல் மரத்தைக் காக்கிறது. இரண்டு சுழற்சிகளும் தம்மைத் தாமே தக்கவைத்துக்கொள்பவை. நடுவில் நிலைக்க இடம் இல்லை.

நிலத்தின் சாய்வும் இதில் சேரும். மலையேறும் தீ தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், சரிவு ஏறத்தாழ 10 பாகை கூடும்போதெல்லாம் அதன் வேகம் இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படி ஒரு காய்ந்த புற்சரிவில்தான். பார்சிக் மலையின் மேற்குச் சரிவு கடலைப் பார்த்திருக்கிறது. பிற்பகலில் எழும் கடற்காற்று தீயை மேல்நோக்கித் தள்ளும். இந்தத் தீயை மனிதர்கள் கிளையால் அடித்து அணைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை யாரும் மறக்கக் கூடாது.

பார்சிக்: அண்மையில் பிறந்த புல்

மேற்கு மலையில் காடு நின்றதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. மும்பைக்குக் குடிநீர் தேவைப்பட்டது. 1860இல் விஹார் ஏரியும் 1879இல் துளசி ஏரியும் கட்டி முடிக்கப்பட்டன. ஏரிகளுக்கு நீர் வரும் சரிவுகளை நகரம் காத்தாக வேண்டியிருந்தது. பின்னாளில் 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு தேசியப் பூங்காவாக வளர்ந்தபோது அதன் நடுவில் அந்த ஏரிகளே இருந்தன. வெட்டும் மேய்ச்சலும் தீயும் குறைந்த இடத்தில் மரக்கவிகை இரண்டாவது வாசலைத் தாண்டிவிட்டது. அங்கும் தீ வராமல் இல்லை. 2018 டிசம்பரில் கோரேகாவ் கிழக்கில் ஆரே காலனியை ஒட்டிய சரிவில் பெருந்தீ மூண்டது. பூங்காவின் ஓரங்களில் புல்லும் புதரும் கூடிய இடங்களில்தான் இப்படித் தீ எளிதில் பிடிக்கிறது.

கிழக்கு மலைக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. பழைய தானே மாவட்டத்துக் காடுகள் மும்பைக்கு விறகும் மரமும் கொடுத்துக்கொண்டிருந்தவை. ஊர்களில் நெல் நாற்றங்காலுக்கு ‘ராப்’ போடுவது வழக்கம். மரக்கிளைகளைக் கழித்து, சருகு, புல், சாணம் ஆகியவற்றோடு நாற்றங்காலில் அடுக்கி, மழைக்கு முன் எரிப்பார்கள். களை விதை வெந்துபோகும், சாம்பல் உரமாகும். அதன்மேல் விதைப்பார்கள். வனத்துறை கிளை கழிப்பதைக் கட்டுப்படுத்தியபோது எழுந்த கொந்தளிப்பின் விளைவாக 1885இல் பம்பாய் அரசு தானே, கொலாபா மாவட்டங்களுக்கென ஒரு வன ஆணையத்தை அமைத்தது. 1887இல் வெளிவந்த அதன் அறிக்கையில் ராப் முறை ஒரு முக்கியப் பொருள். உழவனின் தீயும் வனத்துறையின் காடும் மோதிக்கொண்ட களம் நம் ஐரோலி இருக்கும் இதே மண்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலையடிவாரத்தில் தொழிற்பேட்டை வந்தது, சரிவில் கல்குவாரிகள் வந்தன, பிறகு நகரமே வந்தது. கவிகை ஒருமுறை உடைந்த சரிவில் வெயில் இறங்கியதும் புல் ஏறியது. புல் தீயைக் கொண்டுவந்தது. தீ கன்றுகளைக் குட்டையாகவே வைத்திருக்கிறது. மலையின் ஓடைப் பள்ளங்களில் ஈரம் தங்கித் தீ எட்டாத இடங்களில் மரங்கள் நிற்பதையும், பக்கத்து மலையில் அதே மழையில் காடு நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், பார்சிக் சரிவின் புல்லில் பெரும்பகுதி மனிதக் கையால் அண்மைக் காலத்தில் உருவானது என்று வாசிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இங்கே சில ஆண்டுகள் தீயைத் தடுத்தால் போதும். வேரோடு காத்திருக்கும் கன்றுகளே காட்டைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கும். ஆண்டுதோறும் குழி தோண்டிப் புதிய கன்று நட்டு, அடுத்த மார்ச்சில் அதை வணவாவுக்குக் கொடுப்பதைவிடத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது பலன் தரும்.

சகியாத்திரிக்கு அப்பால்: பழைய புல்

இந்த முடிவை எடுத்துக்கொண்டு சகியாத்திரி மலைத்தொடரைத் தாண்டிப் புணேவுக்குக் கிழக்கே போனால் பெரிய தவறு நேரும். அங்கே மழைமறைவுப் பகுதியில் விரிந்துகிடக்கும் புல்வெளிகளைக் காடு அழிந்த நிலம் என்று அரசும் மக்களும் நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 2025இல் ஆஷிஷ் நெர்லேக்கரும் திக்விஜய் பாட்டீலும் ‘பீப்பிள் அண்ட் நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. அவர்கள் பழைய மராத்திப் பாடல்களிலும் கதைகளிலும் குறிப்பிட்ட இடங்களோடு இணைத்துச் சொல்லப்பட்ட தாவரங்களைத் தேடித் தொகுத்தார்கள். அவற்றில் பெரும்பான்மை சவானாவுக்கு உரியவை. மேற்கு மகாராஷ்டிரத்தின் புல்வெளிகள் குறைந்தது 750 ஆண்டுகளாகப் புல்வெளிகளாகவே இருந்திருக்கின்றன என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. ஆடுமாடு மேய்த்தவர்களின் பாட்டு சூழலியலுக்குச் சான்றாகி நிற்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

அதற்கும் பழைய சான்று மண்ணில் இருக்கிறது. இமயத்தின் அடிவாரச் சிவாலிக் படிவங்களில் உள்ள கார்பன்-13 அளவுகள், ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, வெயில் விரும்பும் புற்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் பெருகியதைக் காட்டுகின்றன. அன்று இங்கே மனிதன் இல்லை. நம் புல்வெளிகள் எல்லாம் கோடரியும் நெருப்பும் பெற்ற பிள்ளைகள் என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான சான்று நீலகிரியில் உள்ளது. மேல்மலையில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடு, மேடுகளில் புல். இந்த அமைப்பு எப்படி வந்தது என்று 1938இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இரண்டு வனவியலாளர்கள் எதிரெதிராக நின்றார்கள். என். எல். போர், தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் புல் காடாகிவிடும் என்றார். சி. ஆர். ரங்கநாதன், உறைபனி கன்றுகளைக் கொல்வதால் புல்வெளி தன்னியல்பாகவே நிலைத்திருக்கிறது என்றார். 1993இல் சுகுமார் குழுவினர் ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்புக் கரிமண்ணில் கார்பன்-13 அளவை ஆய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெளிவானது. காலநிலை மாறியபோது காடும் புல்லும் மாறிமாறிக் கூடிக் குறைந்திருக்கின்றன. பிரிட்டிஷார் தேயிலையோடு வருவதற்கும், மனிதர்கள் மேல்மலையில் மாடு மேய்ப்பதற்கும் வெகு காலம் முந்திய புல் அது.

2020இல் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் செய்த ஆய்வு ரங்கநாதனின் பக்கத்துக்கு வலுச் சேர்த்தது. சோலை மரக் கன்றுகள் புல்வெளியின் உறைபனியில் பிழைப்பது கடினம். வெளியிலிருந்து வந்த சீகை மரக் கன்றுகளோ அதைத் தாங்கிப் பரவுகின்றன. அதாவது எல்லையை வகுக்கும் கை எங்கும் தீ மட்டும் அல்ல. கொங்கணில் தீ செய்வதை நீலகிரி மேட்டில் பனி செய்கிறது. விளைவு ஒன்றுதான்: கன்று தப்பிக்க முடிவதில்லை, புல் நிலைக்கிறது.

இந்தப் பழைய புல்லுக்கு நாம் செய்தது என்ன? பழனி மலையில் 1973 முதல் 2014 வரை நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் போய்விட்டதாக எம். அரசுமணியும் உடனாய்ந்தவர்களும் 2018இல் காட்டினார்கள். வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் நீலகிரி நெட்டைக்காலி கூடுகட்டும் இடமும் பசுமையாக்கம் என்ற பெயரிலேயே அழிந்தன.

எப்போது எரிகிறது, யார் எரிக்கிறார்கள்

புல் பழையதா புதியதா என்று தெரிந்தபின், தீயின் பருவத்தையும் வலிமையையும் கேட்க வேண்டும். சாமராஜநகர் மாவட்டத்தில், சத்தியமங்கலம் காடுகளை ஒட்டியிருக்கும் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் ‘தரகு பெங்கி’ என்ற சருகுத்தீயைக் கையாண்டுவந்தார்கள். கோடையின் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரியில், புல்லும் சருகும் முழுதாகக் காயும் முன் வைக்கப்படும் தீ அது. தாழ்வாக, மெதுவாக எரிந்து, ஈரம் உள்ள இடத்தில் தானே அணையும். அதன் பின் மார்ச், ஏப்ரலில் எரிய அதிகம் மிச்சம் இராது. 1974இல் அப்பகுதி காட்டுயிர்ச் சரணாலயம் ஆனபின் இந்தத் தீக்குத் தடை வந்தது. சருகு சேர்ந்தது, லாண்டானா எனும் உண்ணிச்செடி பெருகியது. 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி காணப்பட்ட இடங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானதாகப் பரத் சுந்தரத்தின் ஆய்வு காட்டியது. சருகுத்தீயை நிறுத்தியதே உண்ணி பெருகக் காரணம் என்பது சோளகர்களின் விளக்கம். பின்கோடையில் உயரமாக எழும் கடுந்தீ காட்டைத் திறந்துவிடுவதும், திறந்த இடத்தில் உண்ணி நுழைவதும், உண்ணிப் புதரே அடுத்த கடுந்தீக்கு விறகாவதும் ஒரு சுழற்சியாகலாம் என்று அங்கிலா ஹிரேமத்தும் சுந்தரமும் 2005இல் எழுதினார்கள். இரு விளக்கங்களும் தீயை ஒட்டுமொத்தமாகத் தடுப்பதற்கு எதிராகவே பேசுகின்றன. 2011இல் வன உரிமைச் சட்டப்படி இந்த மலையில் சோளகர்களின் சமூக உரிமை ஏற்கப்பட்டபோதும் எரிக்கும் உரிமை அதில் வரவில்லை.

தீயை ஒட்டுமொத்தமாகத் தடுப்பது பலன் தராது என்பதை ஆங்கிலேய வனத்துறையே ஒருமுறை கற்றுக்கொண்டது. 1860களில் மத்திய மாகாணத்தின் போரிக் காட்டில் தொடங்கித் தீத்தடுப்பைப் பெரும் கொள்கையாக அவர்கள் வளர்த்தார்கள். 1896இல் ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்ற பொருளில் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் கட்டுரை எழுதினார். தீயை நிறுத்திய இடத்தில் தேக்கின் இளங்கன்று எழவில்லை, மூங்கிலும் நிழல் மரங்களும் அதை அமுக்கின என்பது அவர் கண்டது. சால் காடுகளிலும் இதே அனுபவம் கிடைக்க, முன்கோடைக் கட்டுப்பாட்டு எரிப்பு மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. காட்டில் வாழ்ந்தவர்களின் அறிவை ஏட்டில் எழுத அரை நூற்றாண்டுத் தோல்வி தேவைப்பட்டது.

எல்லா நிலத்துக்கும் ஒரே அளவுகோல்

இன்றைய ஆபத்து வேறு வடிவில் வருகிறது. இந்திய வன அளவைத் துறையின் இலக்கணத்தில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டை எட்டினால் அது காடு. 10 முதல் 40 விழுக்காடு வரை உள்ளது திறந்த காடு. இந்த அளவுகோலில் நல்ல சவானா ஒன்று நலிந்த காடாகத் தெரியும். மரமே இல்லாத புல்வெளியோ தரிசு நில வரைபடத்தில் போய்ச் சேரும். இரண்டுக்கும் பரிந்துரைக்கப்படும் மருந்து ஒன்றே: மரம் நடு. 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையான கார்பனை மரங்களில் கூடுதலாகச் சேர்ப்பதாக இந்தியா 2015இல் உலகுக்கு வாக்களித்திருக்கிறது. அந்த மரங்களுக்கு இடம் தேடும் கை முதலில் புல்வெளியைத் தொடுகிறது.

பிரேசிலில் தீயை நிறுத்திய செராடோவில் இதன் விலையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளில் காடு ஏறிய இடங்களில் கார்பன் கூடியது உண்மை. ஆனால் தாவர இனங்கள் 27 விழுக்காடும் எறும்பு இனங்கள் 35 விழுக்காடும் குறைந்தன. சவானாவுக்கே உரிய தாவர இனங்களில் 67 விழுக்காடு மறைந்தது. 2017இல் வெளியான இந்தக் கணக்கை நம் திட்டமிடுவோர் படிக்க வேண்டும். போனதைத் திருப்புவதும் எளிதல்ல. நெர்லேக்கரும் ஜோசப் வெல்ட்மனும் 2020இல் உலகெங்கும் உள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழிந்த பழைய புல்வெளி தன் தாவர வளத்தை மீட்கக் குறைந்தது ஒரு நூற்றாண்டும், பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் ஆகும் என்று கண்டார்கள்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் ஊர்களைச் சுற்றி நிற்கும் காட்டுத் திட்டுகளை அழிந்த பெருங்காட்டின் எச்சம் என்று அதிகாரிகள் ஒரு நூற்றாண்டாக நம்பினார்கள்; தீ வைத்துக் காட்டை அழித்ததாக ஊராரைத் தண்டித்தார்கள். ஜேம்ஸ் ஃபேர்ஹெட்டும் மெலிசா லீச்சும் பழைய வான்படங்களையும் ஊராரின் நினைவுகளையும் சேர்த்து 1996இல் எழுதிய நூலில், அந்தத் திட்டுகளைப் புல்வெளியின் நடுவே வளர்த்தவர்களே அந்த ஊரார்தான் என்று காட்டினார்கள். நிலத்தின் வரலாறு தெரியாமல் அதன் இன்றைய தோற்றத்தை மட்டும் பார்ப்பவர் குற்றவாளியையும் மாற்றிப் பிடிப்பார்.

முதலில் வயதைக் கேட்போம்

புல்லின் வயதை அறிய வழிகள் உண்டு. அங்கு மட்டுமே வாழும் கிழங்குச் செடிகளும் புல்லினங்களும் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய புல். எங்கும் முளைக்கும் களைகளே மிகுந்திருந்தால் அண்மையில் வந்தது. மண்ணின் கார்பன்-13 அளவு, புதைந்த கரித்துண்டு, சதுப்பில் படிந்த மகரந்தம், வருவாய்த்துறை ஏடு, ஊர்ப்பாட்டு, மேய்ப்பவரின் நினைவு எல்லாம் சான்றுகளே. ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டும்.

வயது தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். பார்சிக் போன்ற இளம்புல் சரிவில் தீத்தடுப்புக் கோடு, குடியிருப்போரின் கோடைக்காலக் காவல், இயல்பாகத் தழைக்கும் மரங்களுக்குச் சில ஆண்டு அவகாசம். தக்காணத்துப் பழைய புல்லில் மரம் நடுவதை நிறுத்தி, மேய்ச்சலையும் அளவான தீயையும் அந்த நிலத்தின் பகுதியாக ஏற்பது. நீலகிரியிலும் பழனியிலும் சீகை மரத்தை அகற்றிப் புல்லுக்கு வெயிலைத் திருப்பித் தருவது. பிலிகிரி ரங்கன் மலையில் முன்கோடைச் சருகுத்தீயைச் சோளகர்களின் கையில், அவர்கள் பொறுப்பில், மறுபடி ஒப்படைத்துப் பார்ப்பது. இவை ஒன்றுக்கொன்று முரண்படும் நான்கு கொள்கைகள் போலத் தோன்றலாம். ஒரே கேள்விக்கு நான்கு நிலங்கள் தரும் நான்கு நேர்மையான விடைகள் இவை.

ஒவ்வொரு ஜூலையிலும் மும்பையிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிகளும் நிறுவனங்களும் இலட்சக்கணக்கில் கன்று நடுகின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அரசு எந்த மலையிலும் ஒரு கன்றுக்கு அனுமதி தரும் முன், அங்குள்ள புல் எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற ஆய்வறிக்கை கட்டாயமாக வேண்டும். அதை எழுதத் தாவரவியலாளரும் மண் ஆய்வாளரும் போதாது. அந்த மலையில் மாடு மேய்த்தவரும் கிழங்கு தோண்டியவரும் அதில் கையெழுத்திட வேண்டும்.